மாட்டுக்கு வச்ச அப்பம்

— மறுபடி எண்ணு ஃபெலெக். எனக்குக் கையெல்லாம் மாவு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு அப்பம். நாலும் வெள்ளை. இன்னும் எத்தன தடவ எண்ணணும் கெனியா? பெருக்கிப் பாத்தாலும் நாலுதான்.

— நாலு வெள்ளை இருக்கக் கூடாதே! கோயில் ஆர்கன்காரர் குடுத்த கவர்ல காகிதம் மாதிரி மெல்லிசா மனுசங்களுக்கு நாலு வெள்ளை, மாடுங்களுக்கு ஒரு ரோஸ். அதுல ஒரு வெள்ளைய நான் எடுத்துட்டேன். அப்போ மூணு வெள்ளையும் ஒரு ரோஸும்தானே மிச்சம் இருக்கணும்?

— இருக்கணும்.

— ரோஸ் எங்க?

— எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

— எலி ரோஸ மட்டும் பொறுக்கி எடுத்துட்டு, வெள்ளை ஒண்ணக் கூடுதலா வச்சுட்டுப் போகுமா?

— அதுவும் சரிதான். ஆமா, ஒண்ண எடுத்தேன்னியே, எதுக்கு? கிறிஸ்துமஸ் ராத்திரி எல்லாருமா உடைச்சுப் பகிர்ந்துக்கற வரைக்கும் அப்பத்தைத் தொடவே விட மாட்டியே நீ. போன வருஷம் ஓரத்தைக் கிள்ளினதுக்கு என் கையில கரண்டியால போட்டே.

— தபால்ல அனுப்பிச்சேன்.

— யாருக்கு?

— ஹலின்காவுக்கு.

— எந்த ஹலின்கா?

— எனக்கு எத்தன தங்கச்சி இருக்கா?

— அடியே! ஏழு வருஷம் கழிச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? ஏழு வருஷமா நான் அவ பேர எடுத்தாலே பால் வாளிய டமால்னு வப்பே. இப்ப அப்பம் அனுப்பிச்சிருக்கே. அப்பம்! கொஞ்சம் இரு, நான் உக்காந்துக்கறேன்.

— உக்காராத. அடுப்பப் பாரு, மீன் தீயுது.

— மீன் கெடக்கட்டும். கெனியா... நீ வெள்ளைய எடுக்கல.

— சொல்லாத. மாதாவே, வாய் விட்டுச் சொல்லாத.

— உன் தங்கச்சிக்கு மாட்டு அப்பத்த அனுப்பிச்சுட்டே.

— சிரிக்கிறியா? சிரிப்பு வருதா உனக்கு?

— இல்ல இல்ல. இருமல்.

— நல்லாச் சிரி. அவ என்ன கேட்டா என்னை? அம்மாவப் பொதைச்ச அன்னைக்கு, ஊர் மொத்தமும் நிக்கறப்ப, "மாட்டுக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு அம்மாவத் தனியா சாக விட்டுட்டே, உனக்கு மாடு இருந்தாப் போதும், மனுசங்க வேண்டாம்"னு கத்தினால்ல? அவளுக்கு ஏழு வருஷம் கழிச்சு அக்காகிட்டேருந்து ஒரு கவர் வருது. பிரிச்சா ரோஸ் அப்பம். என்ன நெனைப்பா?

— பழிக்குப் பழின்னுதான் நெனைப்பா. நீ இவ்வளவு கெட்டிக்காரின்னு அவளுக்குத் தெரியாதே.

— ஃபெலெக்!

— சரி சரி. எப்படித்தான் மாறிச்சு? ரோஸுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாம போற அளவுக்கா உன் கண்ணு கெட்டுப்போச்சு?

— கோயில்லயே கவர்ல போட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தி நடக்கற வைகறைப் பூசைக்குப் போனேன்ல, ரெண்டாவது வாரம். பூசை முடிஞ்சதும் ஆர்கன்காரர் எல்லாருக்கும் கவர் குடுத்தார். வெளிய இன்னும் கும்மிருட்டு. கோயில்ல விளக்குப் போடல, அவங்கவங்க கொண்டுவந்த லாந்தர் வெளிச்சம்தான். அந்த மஞ்ச வெளிச்சத்துல எல்லாமே ஒரே கலராத்தான் தெரிஞ்சுது.

— வீட்டுக்கு வந்து நிதானமாப் போட்டிருக்கலாமே.

— வீட்டுக்கு வந்தா போட்டிருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். பால் கறக்கணும், தொழுவம் கூட்டணும், அதுக்குள்ள மனசு பழையபடி கல்லாயிடும். அதான் பெஞ்சுலயே முழங்கால் மேல வச்சு எழுதி, ஒட்டி, தபாலாபீஸ் வாசல்ல அரை மணி நேரம் நின்னு, திறந்ததும் குடுத்துட்டு வந்தேன்.

— அன்னைக்குத்தான் மூக்கு செவக்க வந்தியா? சளின்னு நெனச்சு தேனும் பூண்டும் குடுத்தேனே!

— குடிச்சேன்ல.

— அப்படி என்ன பிரசங்கம் வச்சார் சாமியார்? ஏழு வருஷத்துக் கல்ல ஒரே காலையில ஒடைச்சிருக்காரே.

— பெருசா ஒண்ணுமில்ல. அவரும் பாதித் தூக்கத்துலதான் இருந்தார். ஒண்ணே ஒண்ணு கேட்டார். "விடியற வரைக்கும் வீட்டுலயே இருந்துட்டு வரலாமே, ஏன் இருட்டுல லாந்தர் புடிச்சுட்டு வர்றீங்க?" அப்படின்னு. விடிஞ்சப்புறம் வந்தா அது பாத்துட்டு வர்றது, விடியறதுக்கு முன்னாடி வந்தா அது நம்பிட்டு வர்றதுன்னார். எனக்கு சுருக்குனு இருந்துச்சு. ஹலின்கா முதல்ல வரட்டும், அப்புறம் நான் மனசத் திறக்கறேன்னு ஏழு வருஷமா வீட்டுலயே உக்காந்திருந்தேனே.

— அந்த லாந்தர்தான் இப்ப ரோஸ வெள்ளையாக் காட்டிடுச்சு. இதையும் சாமியார்கிட்ட சொல்லு, அடுத்த வருஷத்துப் பிரசங்கத்துக்கு ஆகும்.

— வாய மூடு.

— என்ன எழுதினே? அதையாவது சொல்லு. எழுத்து நல்லாருந்தா கலர மன்னிச்சிடுவா.

— ரெண்டே வரி. "ஒரு மூலைய நான் உடைச்சுத் தின்னுட்டேன், மிச்சம் உனக்கு. இருபத்தி நாலாந்தேதி முதல் நட்சத்திரம் வர்றதுக்குள்ள வா."

— மிச்சம் உனக்கு.

— எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்க!

— வெள்ளையோட எழுதினா பாசம். ரோஸோட எழுதினா... நான் ஒண்ணும் சொல்லல. இந்தா துண்டு. கண்ணத் துடை. சூப்புல விழுது.

— போன் பண்ணவா?

— பண்ணு, இப்பவே பண்ணு. எதுக்குத் தயங்கறே?

— அடிக்குது... அடிக்குது... எடுக்கல. அவ என் போன எப்ப எடுத்தா?

— டிராம் ஓட்டிக்கிட்டு இருப்பா. வண்டி ஓட்டறப்ப போன எடுத்தா வார்சாவுல வேலைய விட்டே தூக்கிடுவாங்க.

— இன்னைக்கு யாருடி டிராம் ஓட்டுவா, மதியத்தோட பாதி வண்டி நிறுத்திடுவாங்க.

— என்னைப் பாத்து "டி"ங்கறே. அவ்வளவு கலங்கிப் போயிருக்கே. கேளு, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அம்மா போன அன்னைக்கு ராத்திரி பனியில பால் வண்டியோட நான் லோம்ஜா டவுன்ல மாட்டிக்கிட்டேன். வீட்டுல நீ ஒருத்தி. இந்தப் பக்கம் அம்மாவுக்கு மூச்சு வாங்குது, அந்தப் பக்கம் மாட்டுக்குக் கன்னு கால் மாறி நிக்குது. எல்லாம் சரி. அவளுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? அவளோட கோவமே அதுதானே.

— அந்தப் பேச்சு வேண்டாம்.

— இதைக் கேட்டாலே வாயத் தைச்சுக்கறே.

— ஒரு மணி நேரம் அம்மாவ விட்டுட்டுத் தொழுவத்துல இருந்தேன். அது நெசம். திரும்பி வந்தப்ப அம்மா இல்ல. அதுக்கு அவ என்ன திட்டினாலும் தகும். விடு.

— சரி, விட்டேன். ஆனா ரோஸ் அப்பத்துல என்ன கேவலம்னு எனக்குப் புரியல. பாலன் ஏசு பொறந்தப்ப சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாத்தானா? சத்திரத்துல எடம் குடுத்தானா? மாடுதான் பக்கத்துல நின்னு மூச்சு விட்டுச் சூடு குடுத்துச்சு. அந்த நன்றிக்குத்தானே அதுக்கும் ஒரு அப்பம்? யோசிச்சா, மாட்டு அப்பம்தான் ஒசத்தி.

— இத ஹலின்காகிட்ட நீ போய்ச் சொல்லு.

— சொல்வேன். வரட்டும்.

— வரமாட்டா. அவ டிராம் மாதிரி, தண்டவாளத்த விட்டு இம்மி நகர மாட்டா. இந்தா, பாலன் படுத்த புல்லு நெனவுக்கு மேசை விரிப்புக்கு அடியில புல் போட்டியா? விரிப்ப நேரா இழு. அந்தப் பெரிய தட்ட எடு.

— வராத விருந்தாளிக்குத்தான் ஒரு தட்டு வச்சாச்சே. நமக்கு ரெண்டு, அதுக்கு ஒண்ணு, மூணு. நாலாவது எதுக்கு?

— அந்தத் தட்டு யாரோ ஒரு வழிப்போக்கனுக்கு. இது அவளுக்கு.

— இப்பத்தானே வரமாட்டான்னே?

— வரமாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா என்ன? தட்டு வைக்கக் கூடாதா? அம்மா வயித்துல பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு தங்கச்சி வர்றான்னதும், பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அவளுக்குத் தட்டு வச்சேன். அப்ப மட்டும் அவ மூஞ்சியப் பாத்துட்டா வச்சேன்?

— கெனியா, நீ அழுதுகிட்டே சிரிக்கறே.

— ஆமா. ஏன்னு தெரியல. அனுப்பிச்சது தப்பான அப்பம்தான். ஆனா அனுப்பிச்ச நாள்லேருந்து எனக்குக் காலையில எந்திரிக்கவே சந்தோஷமா இருக்கு ஃபெலெக். வர்றாளா வர்றாளான்னு பாத்துட்டே பால் கறக்கறேன். வீடே பெருசான மாதிரி இருக்கு. இந்தப் பதினஞ்சு நாள் சந்தோஷத்த இனிமே யாரும் எங்கிட்டேருந்து புடுங்க முடியாது.

— அப்போ அந்தக் காளான் கொழுக்கட்டைய நாலு பேருக்குப் போடு. இரு, பஸ் சத்தம்.

— ஜன்னலத் துடை! பனியா இருக்கு. நிக்குதா?

— மெதுவா வருது... விளக்கு தெரியுது...

— நிக்குதா மனுசா?

— நிக்கல. போயிடுச்சு.

— அதுதான் கடைசி பஸ்.

— ஆமா.

— சரி. சூப்ப இறக்கி வை. முதல் நட்சத்திரம் வந்ததும் சாப்பிட உக்காரணும்.

— தட்ட எடுத்துடவா?

— கை வச்சே, கரண்டி பறக்கும். இருக்கட்டும். நாளைக்கும் இருக்கட்டும்.

— கசகசா போட்ட கோதுமைய எங்க வைக்க?

— நடுவுல. அவளுக்கு எட்டற மாதிரி வை... யாரோ கதவத் தட்டறாங்களா?

— காத்து.

— காத்து பொறுமையா மூணு தரம் தட்டுமா? போய்ப் பாரு!

— யாரது?

— மாடு.

— யாரு?

— மாடு வந்திருக்குன்னு சொல்லுங்க அத்தான். அப்பம் கெடைச்சுது. கதவத் திறங்க, மாட்டுக்கும் குளிரும்.

— ஹலின்கா! கெனியா, ஓடியா! அடக் கடவுளே, முட்டி வரைக்கும் பனி. பஸ் நிக்கவே இல்லையேம்மா?

— முந்தின பஸ்லயே வந்துட்டேன் அத்தான். இங்க நிறுத்தச் சொல்ல வாய் வரல. பயந்துட்டேன். கல்லறைத் தோட்டத்துக்கிட்ட இறங்கி, அம்மாவுக்கு ஒரு விளக்கு ஏத்திட்டு நடந்து வந்தேன். அக்கா எங்க?

— இங்க இருக்கேன்டி. ஹலின்கா, அந்த ரோஸ் நான் வேணும்னு அனுப்பல. மாதா மேல சத்தியம். கோயில்ல இருட்டு, லாந்தர் வெளிச்சம், கண்ணு தெரியாம—

— அழாத அக்கா. தப்பாத்தான் வந்திருக்கும்னு பஸ்ல வர்றப்பவே தோணுச்சு. ஆனா கவரப் பிரிச்ச அன்னைக்கு அப்படித் தோணல.

— திட்டறேன்னு நெனச்சியா? உள்ள வா, வாசல்ல நிக்காத.

— இல்ல, இங்கயே நிக்கறேன். சொல்லிட்டு வர்றேன். மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு அந்த மேசையில உக்காந்து அப்பம் உடைக்க என்னால முடியாது. கேட்டப்புறம் உள்ள விடறதும் விடாததும் உன் இஷ்டம்.

— என்னம்மா, பயமுறுத்தற?

— நீங்களும் கேளுங்க அத்தான். ரோஸ் அப்பத்தப் பாத்ததும், "அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சு, நான் எப்படிப்பட்ட ஜென்மம்னு தெரிஞ்சு போச்சு"ன்னுதான் நெனச்சேன். நாலு நாள் தூங்கல. பொதைச்ச அன்னைக்கு, ஒரு போன்கூடப் பண்ணலன்னு ஊரே கேக்கக் கத்தினேன்ல? அக்கா போன் பண்ணினா. மூணு தடவ. ஷிஃப்ட் முடிஞ்சு அப்பத்தான் படுத்திருந்தேன். எப்பவும் போல புலம்பத்தான் கூப்பிடறான்னு நெனச்சு, மூணு தடவையும் கட் பண்ணிட்டுத் தூங்கினேன். காலையில சேதி கேட்டதும், அந்தப் பழியத் தாங்க முடியாம அக்கா மேல போட்டுட்டேன்.

— கெனியா! நீ போன் பண்ணினியா? ஏழு வருஷமா எங்கிட்டகூடச் சொல்லலையே!

— பனியில லைன் கெடைக்கலன்னு அக்கா நெனச்சிருப்பா அத்தான். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்டி. மூணு தடவையும் மணி பாதியில நின்னுச்சே, அதுகூடவா தெரியாது இந்த மாட்டுக்காரிக்கு? அம்மா போன துக்கமே உனக்குத் தாங்கல, இதையும் சேத்து எப்படித் தாங்குவே? என் மேலயே கெடக்கட்டும்னுதான் விட்டேன்.