பிலேந்திரன் குடித்த தண்ணீர்

என் கணவர் பிலேந்திரன் எதைக் கொடுத்தாலும் குறை சொல்லாமல் குடிப்பவர். தேநீரில் சீனி போட மறந்த நாளில்கூட, "நல்லாத்தான் இருக்கு ரஞ்சனி" என்பார்.

நான் ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். அல்னா ஆற்றுச் சேற்றிலிருந்து பூச்சிமருந்தைத் தின்று செரிக்கும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தது நான்தான். கட்டுரையில் பேராசிரியர் இங்குனின் பெயர் முதலில் வந்தது. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

பொறுக்க முடியாதது வேறு. அந்தப் பற்றீரியா சுத்தப்படுத்திய தண்ணீரை மனிதர் குடிக்கலாம் என்று ஆறு வருடமாகச் சொல்லி வந்தேன். பூச்சிமருந்து சிதையும்போது வேறேதோ உண்டாகிறது, அது என்னவென்று தெரியாமல் மனிதருக்குக் கொடுக்க முடியாது என்று இங்குன் மனிதரில் சோதிக்க நான் கொடுத்த விண்ணப்பத்தை ஒவ்வொரு முறையும் திருப்பித் தந்தார்.

சென்ற தை மாதம் முதல் பிலேந்திரனின் காலைத் தேநீரை அந்தத் தண்ணீரில் போட்டேன். ஸ்டோவ்னரில், எங்கள் வீட்டில், அவர் பஸ் ஓட்டப் போகுமுன். அளவு ஒருநாளும் மாறவில்லை. ஏழாவது வாரம் விரல்கள் நடுங்கத் தொடங்கின. குறித்துக்கொண்டேன். பதினோராவது வாரம், இனி பஸ் ஓட்டக் கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் அவர் கைகளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் ஆய்வுகூடத்திலை இருக்கிறனீர். இது என்ன வருத்தமெண்டு ஆரிட்டையும் கேட்டுப் பாருமன்," என்றார்.

"ஓம், கேக்கிறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது," என்றேன்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்துநான்கு வாரத்துக்குக் குறைந்த தரவை எவரும் மதிப்பதில்லை. இருபத்திரண்டாவது வாரம் அவரால் விழுங்க முடியவில்லை. வைத்தியசாலையில் இறந்துபோனார். இரண்டு வாரம் குறைந்துவிட்டது.

எல்லாவற்றையும் எழுதி இங்குனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் பொலிசை, உங்களை, கூப்பிட்டார். முடிவுகளைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்தத் தண்ணீரை நான் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில், அதே சாப்பாடு சாப்பிட்டு, வெறும் குழாய்த் தண்ணீர் குடிக்கும் ஒருவர் வேண்டும். அதற்கு வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை.