மூன்றாவது முறை யாரும் ஏமாறவில்லை

இந்த நகரத்தில் கிரிப்டோ மோசடியை ஒழித்தது நான் ஒருவன்தான். காவல் துறையும் வங்கிகளும் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில், முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, பால்கனியில் உட்கார்ந்தபடியே ஒழித்தேன். நம்ப மாட்டீர்கள். எங்கள் குடியிருப்பில் எனக்குக் ‘கப்சா சார்’ என்று பெயர்.

முப்பத்து நான்கு வருடம் தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் இருந்தேன். கொதித்துக்கொண்டு அழைப்பவர்கள் என் குரலைக் கேட்டதும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். பழுது அப்படியே இருக்கும். ஓய்வு பெற்றபின் அந்தக் குரலை வீணாக்க மனம் வரவில்லை. காவல் துறை நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் சும்மாவே பேசிக்கொடுத்தேன். “யாராவது ஏமாந்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் ஒரு கையும் உயராது. கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது ஒருவர் ஒதுங்கி வந்து, “என் ஃப்ரெண்டு ஒருத்தர் சார்...” என்று இழுப்பார். அந்த நண்பர் எப்போதும் அவரேதான். ஆறுதல் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்வேன்.

இவ்வளவு சொல்லியும் புத்தி வந்ததா என்று சோதிக்க வேண்டாமா? ஒரு வாரம் விட்டு அழைப்பேன். மீட்புப் பிரிவு அதிகாரி பேசுகிறேன், நீங்கள் பறிகொடுத்த கிரிப்டோ நாணயம் அகப்பட்டுவிட்டது, விடுவிப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும், இந்த வாலட் முகவரிக்குக் கொஞ்சம் நாணயம் அனுப்புங்கள். எப்படி அனுப்புவது என்று சொல்லித்தரும் வேலை எனக்கில்லை. முதல் திருடன் நன்றாகவே பழக்கிவிட்டுப் போயிருந்தான். முன்வரிசையில் உட்கார்ந்து என் பேச்சைக் குறிப்பெடுத்த தலைமையாசிரியர் பத்தே நிமிடத்தில் அனுப்பினார். எதைக் குறித்துக்கொண்டாரோ.

நான் திருடன் அல்ல. வந்ததையெல்லாம் எவராலும் திறக்க முடியாத ஒரு முகவரிக்குத் தள்ளிவிட்டேன். கிணற்றில் போட்ட கல். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். ஒரு சூடு போதாத பூனைகளுக்கு இரண்டாவது சூடு வைத்தேன். நாற்பத்தொரு பேர். அதில் ஒருவரும் மூன்றாவது முறை ஏமாறவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் கடை மாத்திரைகளையே அள்ளி விழுங்கிவிட்டார், அவரும் ஏமாறவில்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மகளிடம் விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு இந்தக் காவல் துறை, எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு போனது. நான் அழைத்ததெல்லாம் அவன் கடை வைஃபையில். பாஸ்வேர்டைச் சுவரிலேயே ஒட்டிவைத்திருந்தான். செய்தித்தாளில் ‘தேர்ந்த மூளை’ என்று போட்டார்கள். அவன் திக்குவாயன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி போனை வைத்துவிடுவான். என் உழைப்பை அவன் பெயரில் எழுதியதை என்னால் சகிக்க முடியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

“இப்பல்லாம் கம்ப்யூட்டரே பேசும் சார். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. ஆதாரம் கேட்டார். நாணயம் கிணற்றில். கைபேசிகளை மாதம் ஒன்றாக உடைத்துவிட்டேன். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரன். என்னை அழைத்துப்போக மனைவியை வரச் சொன்னார்.

வந்தாள். வாசல் பெஞ்சில் மெக்கானிக்கின் தாய், துவைத்து மடித்த மகனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இவர் சொல்றதை எழுதிக்காதீங்கம்மா” என்றாள் மனைவி. “எங்க கல்யாணத்துக்கு ஆறாயிரம் பேர் வந்தாங்கம்பார். மண்டபத்துல இருந்ததே எண்பது நாற்காலி. எந்திரிங்க, போலாம்.”

எனக்கு வேறு வழியில்லை. நாற்பத்தொன்றாவது ஆள் இவள்தான் என்றேன். தோழி பேச்சைக் கேட்டுத் தன் சேமிப்பை ஏதோ போலி நாணயக் கம்பெனியில் கொட்டிவிட்டு, என்னிடம் மறைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் சமையலறையில் இருக்கும்போது பால்கனியிலிருந்து அழைத்தேன். அவள் குரல் பாதி போனில் வந்தது, பாதி சுவர் வழியாக. “ஐயா, என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேணாம்” என்று கெஞ்சினாள். தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை காப்பாற்றினேன்.

“உங்க குரல் அவங்களுக்குத் தெரியாதா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நாற்பது வருடமாக நான் பேசுவதை இவள் காதில் வாங்கியதே இல்லை, எப்படித் தெரியும் என்றேன்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மா, அப்படி ஒரு போன் வந்துச்சா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவளையும் அந்தச் சட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வந்துச்சும்மா. இவர்தான் பேசினார். முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சுபோச்சு. இதோ நிறுத்திடுவார், இதோ நிறுத்திடுவார்னு, அனுப்பற பட்டனை அமுக்கற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்.”