காற்றுப் படம்

மணி நான்கரை. விடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கால்வாய்த் தெருவில் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் வெள்ளைச் சுவர்... மறுபக்கம் கறுப்புத் தண்ணீர். நடுவில் பாசி பிடித்த கல் பாதை. கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வருகிறான் தாங் பிங்.

யாரய்யா அது என்கிறீர்களா? என் மனைவியின் தம்பி. நம்மைப் போலவே இந்த சூஜோ நகரத்தில் கேமராவை நம்பி வயிறு வளர்ப்பவன். பழைய தோட்டங்களின் வட்ட வாசலுக்குள், பழங்காலப் பட்டாடை உடுத்தி வரும் வெளியூர்ப் பெண்களை நிறுத்திப் படம் எடுப்பான். ஆள் கெட்டிக்காரன். கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரன், அதுதான் வினை. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

காற்றுப் படம் தெரியுமல்லவா? சிரிக்காதீர்கள், இங்கே இருக்கிற எல்லோரும் எடுத்திருக்கிறோம். நல்ல வெளிச்சம் பத்து நிமிடம்தான் நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தெருக்காரர் யாராவது வந்து, "என்னை ஒண்ணு எடு தம்பி" என்பார். மாட்டேன் என்றால் நாளைக்கு அவர் வாசலில் நிற்க முடியாது. அணைத்து வைத்த கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கி, நாக்கை மேல்வாயில் ஒட்டி எடுத்து... டக். முடிந்தது. அவருக்கும் சந்தோஷம், நமக்கும் நேரம் மிச்சம்.

அந்தத் தெருவில் கூ அம்மாள் என்று ஒருவர். எண்பத்தொரு வயது. கால்வாய்ப் படியில் குனிந்து கீரை கழுவுகிற அவரைத் தாங் பிங் பின்னாலிருந்து எடுத்த படம், தோட்டத்து வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. இவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த முதுகுதான். வசந்தத்தில் ஒரு நாள் விடியற்காலை அவர் நீலப் பட்டுச் சட்டையில் வந்து நின்றார். தலையை நனைத்துப் படிய வாரியிருந்தார். சட்டையிலிருந்து பாச்சை உருண்டை வாடை.

"தம்பி, என் முதுகத்தான் ஊரே பாக்குது. மூஞ்சியையும் ஒண்ணு எடுத்துக் குடு. நான் போனப்புறம் ஊதுவத்தி மேசையில வைக்கணும்."

"அதுக்கென்னம்மா அவசரம்? நூறு வயசு இருப்பீங்க."

"சும்மா ஐஸ் வைக்காத. பல்லு தெரியாம எடு, அது என்னோடது இல்ல."

தண்ணீர் மேல் அப்போதுதான் பனி எழும்பிக்கொண்டிருந்தது. பாலத்தில் பட்டாடைப் பெண் காத்திருந்தாள். தாங் பிங் கேமராவைத் தூக்கினான். டக்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. பிரமாதமா வந்திருக்கு. அடுத்த வாரம் தரேன்."

அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று. அவர் படியில் இருப்பது தெரிந்தால் இவன் சுற்றுவழியில் போனான். கோடை முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார்.

மகன் ஜின்ஹாய் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தான். "அம்மா படம் ஒண்ணு எடுத்தியாமே தம்பி..." உண்மையைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. "கேமரா கார்டு கெட்டுப்போச்சுண்ணே" என்றான். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி மேசையில் வைத்தார்கள். மூக்கெது வாயெது என்று தெரியாமல் புள்ளி புள்ளியாக ஒரு முகம். அதன் முன்னால் இவனும் மூன்று முறை குனிந்து வணங்கினான். வெட்கத்தில் காது மடல் சுட்டதாம். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, நாற்பத்தொன்பது நாள் துக்கமும் கழிந்த பிறகுதான் நான் சொன்ன அந்த நான்கரை மணி. அந்தப் படிக்கட்டுக்குக் கிட்டே வந்தான்.

டக்.

நின்றான். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதோ?... டக். இல்லை. அது நாக்கு. கூடவே பாச்சை உருண்டை வாடை. எடுத்தான் ஓட்டம்.

மறுநாளும் அதே சத்தம். மூன்றாம் நாள் வேறு வழியாகத் தோட்டத்துக்குப் போனான். பட்டப்பகலில், செயற்கைக் குன்றுக்குப் பின்னாலிருந்து... டக். படத்துக்கு நின்றிருந்த பெண் திரும்பிப் பார்த்து, "யாருங்க அது, நாக்கத் தட்டுறது?" என்றாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அன்று மாலையே ஜின்ஹாய் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டான். "கார்டு கெடலண்ணே. நான் எடுக்கவே இல்ல. வாயால சத்தம் போட்டு உங்கம்மாவ ஏமாத்திட்டேன்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜின்ஹாய் நிமிரவில்லை. "அம்மாவுக்குத் தெரியும் தம்பி."

"என்னது?"

"அன்னிக்கே வந்து சொன்னாங்க. 'புள்ள வாயாலதான் எடுத்துச்சு. கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா வெக்கப்படும்னு பேசாம வந்துட்டேன். வேலை முடிஞ்சதும் நிச்சயம் வந்து எடுக்கும்'னாங்க. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பட்டுச் சட்டையக் கழட்டவே இல்ல."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம் இவனுக்கு. ஊற்றிய தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் அதே நான்கரை. படிக்கட்டு. டக். இந்த முறை ஓடவில்லை. ஸ்டாண்டை விரித்தான். கேமராவை ஆன் செய்தான். மேல்படி இருட்டில் ஏதோ நீலமாக... அவ்வளவுதான் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. இப்ப எடுக்கறேன். நேரா பாருங்க."

அழுத்தினான். இருட்டல்லவா, கேமரா திறந்து... நான்கு விநாடி... மெதுவாக மூடியது. வாடை நின்றுவிட்டது. நீலத்தையும் காணோம். அப்பாடா என்று ஸ்டாண்டை மடக்கக் குனிந்தான்.

டக்.

கீழ்ப்படியிலிருந்து. டக்... பாலத்துக்கு அடியிலிருந்து. டக். டக். டக். பன்னிரண்டு வருடத் தொழில். எத்தனை பேருக்கு நாக்கைத் தட்டியிருக்கிறான் என்று அவனுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? படிக்கு ஒருவராகத் தண்ணீர் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரி, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டு, கைகளை முழங்காலில் வைத்து. முதலில் இருந்த கிழவர் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டே, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"இந்தத் தடவ நெசமாத்தானே, தம்பி?"