பரிவட்டத்துக்கு உரியவன்

காப்பி வேண்டாம், இன்ஸ்பெக்டர். காலையில் நீராகாரம் குடித்துப் பழகிய வயிறு இது. என் வீட்டுக்காரி பொன்னுத்தாயி உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், முன்பின்னாக இருக்கும். நான் ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் மகன் சேதுபதி பீரங்கிப் படையில் கேப்டன். அறுபத்தைந்து யுத்தத்தில் காலில் அடிபட்டும் பீரங்கியை விட்டு நகராமல் எதிரி டாங்கிகளை நிறுத்தினான் என்று வீரசக்கரம் கொடுத்தார்கள். சிங்கம்புணரிப் பக்கம் எவன் வீட்டில் இருக்கிறது அப்படி ஒரு பதக்கம்? என் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்கு மறுத்துவந்த கோயில் மரியாதையை ஊர் தானாகவே தேடி வந்து கொடுத்தது. ஐயனாருக்கு மண்குதிரைகளைத் தூக்கிப் போகும் புரவி எடுப்பில் முதல் பரிவட்டம் சேதுபதி தலையில் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காப்புக் கட்டுக்கு முந்தின நாள் காலையில் அவனைக் கிணற்றுக்குக் குளிக்க அழைத்துப் போனேன். கால் சரியாகாததால் என் தோளைப் பிடித்துத்தான் படி இறங்குவான். பாதிப் படியில் நின்றுகொண்டு பேசினான்.

“அய்யா, அடிபட்டதும் நான் மயங்கிட்டேன். பீரங்கிய விடாம சுட்டது நம்ம சோமுதான். சுட்டுக்கிட்டேதான் செத்தான். பரிவட்டத்த அவுக அய்யா தலையில கட்டச் சொல்லப் போறேன். நீங்க தடுக்காதீக.”

சோமுவின் அப்பன் எங்கள் வயலில் ஏர் ஓட்டுகிறவன். கோயில் எல்லைக்கல்லைத் தாண்டி அவன் வந்ததே இல்லை.

“வெளிய சொல்லாத, அப்பு” என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

“அதச் சொல்லத்தான்யா லீவு போட்டு வந்திருக்கேன்.”

தோளை விலக்கிக்கொண்டேன். தள்ளவில்லை. நீச்சல் தெரிந்தவன்தான், கால் உதவவில்லை. ஒருமுறை கையை நீட்டினான். தண்ணீர் அடங்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். மாற்று வேட்டி கொண்டுவந்த பொன்னுத்தாயி பார்த்தது அதைத்தான். ஒரு நாள் பிந்திக் காப்புக் கட்டிய பிறகு என்றால் சாமி குத்தமாகியிருக்கும். அந்த நிதானம் எனக்கு இருந்தது.

தூக்கில் போட்டாலும் இதையேதான் சொல்வேன். வீரனாகவே அவன் போனான். அந்தப் பெயரைக் காப்பாற்றியது நான்.

எங்கள் தீட்டு கழியட்டும் என்று ஊர் புரவி எடுப்பையே தள்ளிவைத்தது. வேறு யாருக்குச் செய்தார்கள் இப்படி? பிறகு பரிவட்டத்தை என் தலையில் கட்டினார்கள். அதைக் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் இவள் உங்களைத் தேடி வந்திருக்கிறாள். அவளுக்குப் புரியாது. மகனுக்குச் சேர வேண்டியதை மகனுக்காகத்தான் வாங்கினேன்.

கட்டும்போது, யார் பெயருக்கு அர்ச்சனை என்று பூசாரி கேட்டார். உடையப்பன் என்று என் பெயரைச் சொன்னேன். மகன் பெயர் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.