நலம் விசாரித்ததற்கும் கட்டணமா என்று நிமிர்ந்து நின்ற எடில்மா அம்மையாருக்கு

கணக்கில் கறாரும் கண்ணில் கனிவும் கொண்ட பெருமாட்டியே! பதினான்கு பேர் பிழைப்பைப் பத்திரமாய்க் காத்த பேராற்றலே! எங்கள் ஊர் மரியாதைப்படி, தோன்யா எடில்மா அவர்களே! வணக்கம்.

கடந்த செவ்வாயன்று, "வெள்ளியோடு ஓய்வு பெறுகிறேன்" என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டு, வழக்கம்போல் அரேப்பா ரொட்டி சாப்பிடக் கிளம்பிவிட்டீர்கள். நாங்கள் அந்த ஒரு வரியையே ஆள் மாற்றி ஆள் வாசித்துக்கொண்டிருந்தோம். எட்டாண்டுக் காலம் கணக்கர் நாற்காலியிலிருந்து எங்களை ஆண்ட குரல் இப்படியா விடைபெறும்!

இதேபோல் நாங்கள் திகைத்தது மூன்றாண்டுக்கு முன். அடுமனைகளுக்கு மாவு வரவழைத்துத் தரும் நம் சின்னஞ்சிறு அரினா நிறுவனத்துக்கு முதலீடு கைகூடவிருந்த மாதம். ஒப்பந்தம் எழுத அமர்த்திய வக்கீல் பெர்னல் அனுப்பிய முதல் கட்டண விவரம் ஒன்பது பக்கம். பிரித்துப் பார்த்த நம் நிறுவனர் யெய்சனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ, இதென்ன அநியாயம்! அவரோட அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையான்னு கேட்டேன். அதுக்கும் பன்னிரண்டு நிமிஷம் போட்டிருக்காரே!"

எப்படி விடிந்தது, அம்மா சௌக்கியமா என்று கேட்காமல் எந்தப் பேச்சையும் தொடங்கத் தெரியாத மெதெயின் ஊர்க்காரர்கள் நாம். ஆளாளுக்கு அழைத்து, ஆசையாய் விசாரித்து, ஆறு நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணமென்று ஓடிய வக்கீலின் கடிகாரத்துக்குத் தீனி போட்டிருக்கிறோம்! முதலீட்டாளரின் வக்கீலுக்கும் நாமே கொடுக்க வேண்டும் என்றது கடைசிப் பக்கம். இப்படியே போனால், பணம் வருவதற்குள் நான்கு பேருக்கு வேலை போய்விடும்.

பதறியவர்கள் நாங்கள், பதறாதவர் நீங்கள்.

"இனிமே வக்கீல்கிட்ட நான் ஒருத்திதான் பேசுவேன். சந்தேகம் இருந்தா எழுதிக் குடுங்க. வியாழக்கிழமை அரை மணி நேரம், அவ்வளவுதான். ஒருத்தரும் அவருக்கு வணக்கம்கூட வைக்கக் கூடாது!"

கட்டண விவரத்தில் இருந்த நல விசாரிப்புகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினீர்கள். வேலை முடியும்வரை மொத்தமே இவ்வளவு, அதற்குமேல் ஒரு பெசோவும் இல்லை என்று இரு வக்கீல்களிடமும் எழுதி வாங்கினீர்கள். முதலீடு வந்தது. ஒருவர் வேலையும் போகவில்லை. ஆனாலும் வணக்கத்தையே நிறுத்திய உங்களை, முதுகுக்குப் பின்னால் "கல்லு" என்றே ஏசினோம்.

நேற்று உங்கள் பிரிவு விழாவுக்கு அழைக்கப் போன யெய்சனிடம் வக்கீல் பெர்னல் சொன்னாராம்:

"எடில்மாவா? ஞாயித்துக்கிழமை தவறாம எங்கம்மாவுக்கு சூப் வெச்சுக் கொண்டாந்து, முழங்காலுக்குத் தைலம் தேச்சுவிட்டுப் போறவங்களாச்சே! மூணு வருஷமா வராங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது, அம்மையே! கல்லென்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்போம்! வெட்கித் தலைகுனிகிறோம்.

உங்களுக்குப் பரிசாக வாங்கிய சுவர்க்கடிகாரத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம்; இனி நம்மிடையே நிமிடக் கணக்கு வேண்டாம். நோவறியா உடலும் நெருக்கடியறியாக் காலைகளும் பெற்று நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். இப்போது பதினான்கு பேரும் ஒருவர்பின் ஒருவராய்க் கேட்கப் போகிறோம்: "தோன்யா எடில்மா, எப்படி விடிஞ்சுது? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" சாவகாசமாகப் பதில் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
அரினா ஊழியர் பதினால்வர்.
உடன், வக்கீல் பெர்னல் (கட்டணமில்லாமல்).