கொத்தமல்லிக்குக் கட்டிய வீடு

அடைமழை விட்டிருந்த காலை. ராயபுரத்தில் மண்ணெண்ணெய் வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு கொத்தமல்லிக்கு வூடு கட்டிக்கீறாருக்கா. எங்க வூடு ஒழுவுது, அது ஒழுவல" என்றாள் இளையவள்.

"இன்னாமே சொல்ற?"

"ஹார்பர்ல கழிச்சுப்போட்ட பெட்டிப் பலகையைக் கேட்டு வாங்கியாந்து, நாலு பக்கமும் அடிச்சு மண்ணு கொட்டினாரு. மேல மூங்கில வளைச்சு பிளாஸ்டிக் போத்திட்டாரு."

"இந்த மழைக்கு அழுவிப்பூடுமே."

"ரெண்டு வாட்டி அழுவிச்சு. அப்புறந்தான் இந்தக் கூரையே. இப்ப மார்க்கெட்ல கொத்தமல்லி இல்ல, எங்க ரசத்துல கீது."

"கில்லாடிதான்."

"ஒரு கூத்து கேளுக்கா. ஒரு பலகையில 'இந்தப் பக்கம் மேல'ன்னு அம்பு போட்டிருந்துச்சு. அத்தத் தலகீழா அடிச்சிட்டாராம், கூரை போடறப்பதான் பாத்தாரு. மொத்தத்தையும் பிரிச்சு, அம்பு மேல பாக்கறாப்ல திருப்பி அடிச்சாரு. இல்லாங்காட்டி சரக்கு கெட்டுப்பூடுமாம்."

"அது பெட்டிக்குத்தானமே?"

"நானும் அதான் சொல்லிச் சிரிச்சேன். அப்புறம் போட்ட வெதைதான் அழுவாம வந்துச்சு. இப்ப அவரு சிரிக்கறாரு."

வரிசை நகர்ந்தது. மூத்தவள் டின்னை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் நாலு பலகை சொல்லி வையி" என்றாள். "அம்பு போட்டதா பாத்து."