நேசையன் சார் ஏற்றுக்கொண்ட தவறு

துக்கத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு இந்தக் கூட்டத்தை நடத்தும் தலைமை ஆசிரியர் யோவான் சார் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பொன்னப்பன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாரின் துணைவியார் ஞானபாய் அக்கா அவர்களே, ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிடக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கும் ஊராரே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே! எல்லோருக்கும் என் வணக்கம். நான் சுகுமாரி. இந்தப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுப் பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியை. எழுதிக்கொண்டு வந்த தாளைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன். மேடைப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருடமாக வாய் ஓயாமல் பேசியே பிழைக்கிறவள் நான்.

நம் கணித ஆசிரியர், ஆசிரியர் பெருந்தகை நேசையன் சார் போய்விட்டார்! கடந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். யார் சொன்னது? சாருக்குப் பொறுமையே கிடையாது! நல்ல விடைத்தாள் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அடுத்த நிமிடம் அதை யாரிடமாவது காட்டியாக வேண்டும். அதுவும் ரெபேக்காளின் தாள் என்றால் கேட்கவே வேண்டாம். ரெபேக்காள் யார் என்று வெளியூரார் கேட்கலாம். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டும் எலியா அண்ணனின் மகள், என் வகுப்புப் பிள்ளை. அவள் தாளைத் தூக்கிக்கொண்டு சார் ஆசிரியர் அறைக்குள் ஓடி வருவார்.

“டீச்சரே, அந்த டீக் கிளாச கீழ வையுங்க. இந்தப் பிள்ள செய்திருக்கியத ஒருக்கா பாருங்க!”

“எனக்கு உயிரியல் சாரே. கணக்குக்குப் பயந்துதானே தவளைகிட்ட போனேன்” என்பேன். விடுவாரா? என் டீ எத்தனை நாள் ஆறிப்போயிற்று! இப்போது அந்த அறையில் டீ சூடாகத்தான் இருக்கிறது. குடிக்க முடியவில்லை.

ஒருநாள் வடிவியல் வகுப்பு. சார் கரும்பலகை நிறைய எழுதி நிரூபித்த ஒன்றை, ரெபேக்காள் எழுந்து ஐந்தே வரியில் முடித்தாள். வேறொரு ஆசிரியராக இருந்தால் என்ன செய்திருப்பார்? நானாக இருந்தால், “அதிகப்பிரசங்கி, இரு பிள்ளே” என்றிருப்பேன். நேசையன் சார் சாக்குக்கட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

“எனக்கு மனசிலாகல்ல மக்கா. ஒருக்கா கூடி சொல்லு.”

பையன்கள் சிரித்தார்கள். சார் திரும்பினார். “எலே, எதுக்குச் சிரிக்கிய? ஒனக்கு மனசிலாச்சா? அப்பம் நீ வந்து சொல்லு பாப்பம்!” சிரிப்பு நின்றது. அவள் மூன்று தடவை விளக்கினாள். மூன்றாவது தடவை சார் எழுந்து நின்று கைதட்டினார். தனக்குத் தெரியாததைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது.

பெரியோர்களே, இதுவரை சொன்னது நான் எழுதிக்கொண்டு வந்தது. இனிமேல் சொல்வது எழுதாதது. ஐந்து நாளாக எனக்கு உறக்கம் இல்லை. நீங்கள் என்னைத் திட்டுங்கள், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இந்த மார்ச் தேர்வுக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை எழுதியவள் நான். தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் எல்லாம் கலந்து பெயர் வரிசைப்படி எழுத வேண்டிய பட்டியல். ரெபேக்காளுக்கு மேல் வரியில் ஒரு மலையாளம் மீடியம் பிள்ளை. நான் என்ன செய்தேன்? பயிற்றுமொழிக் கட்டத்தில், சோம்பல் பிடித்து, ‘மேற்படி’ என்று இரண்டு கோடு போட்டுவிட்டுப் போனேன். பிள்ளைகள் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்த்து, சரி என்று ஒப்புக் கையெழுத்துப் போட்டார்கள். நுழைவுச்சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது. ரெபேக்காளுக்கு எல்லாக் கேள்வித்தாளும் மலையாளத்தில் வரும்!

அதைக் கண்டுபிடித்தவர் நேசையன் சார். ஓடி வந்தார். நான் சொன்ன பதிலைச் சொல்லவே கூசுகிறது.

“அவளுக்கு மலையாளம் அறியாமலா சாரே? என்னைக் காட்டிலும் நல்லாப் பேசுவாளே. எழுதட்டு.”

இந்தக் கேரள எல்லையில் பிறந்த நமக்கெல்லாம் இந்தத் திமிர் உண்டு. சந்தையில் ஒரு பாஷை, வீட்டில் ஒரு பாஷை, ரெண்டும் நமக்கு ஒன்றுதான் என்ற திமிர். சார் என்னோடு சண்டைக்கு வரவில்லை. மலையாளத்தில் ஒரு கணக்கை எழுதி ரெபேக்காளிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். நாலு நிமிடத்தில் முடிக்கிற பிள்ளை! வாசித்தாள், தமிழாக்கினாள், அழித்தாள், மறுபடி வாசித்தாள். பதினேழு நிமிடம் ஆயிற்று.

“பேசுகியது வேற, கணக்கு ஆலோசிக்கியது வேறயாக்கும் டீச்சரே. நீங்க ஒருக்கா கல்வி ஆபீசுக்குப் போயி இதத் திருத்திட்டு வாருங்க” என்றார்.

நான் போனேனா? போகவில்லை! போனால், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்டு மெமோ வரும். இத்தனை வருடம் ஒரு கறையும் இல்லாத என் பணிப்பதிவேடு என்ன ஆகும்? நாளைக்கு என்றேன், வெள்ளிக்கிழமை என்றேன், தலைவலி என்றேன். ஒரு வாரம் இழுத்தடித்தேன். நெஞ்சுவலிக்குப் பார்த்த காரக்கோணம் ஆஸ்பத்திரியில் மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பிய மனிதர், எனக்குப் பதிலாக நெய்யாற்றின்கரை கல்வி அலுவலகத்தின் மாடி ஏறினார்.

அவருடைய பையை ஞானபாய் அக்கா நேற்று என்னிடம் தந்தார்கள். உள்ளே சார் கையால் எழுதிய கடிதம். “மேற்கண்ட மாணவியின் பயிற்றுமொழியைத் தவறாகப் பதிவு செய்தது நானே. மாணவி மீது பிழை ஏதுமில்லை.” கீழே நேசையன் என்று ஒப்பு. என் பெயர் அதில் எங்குமே இல்லை! மூலையில் அலுவலகத்தார் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: வகுப்பாசிரியை நேரில் வந்து ஒப்பு போட வேண்டும். அவர்கள் சொன்னது நியாயம்தான். அந்தக் கடிதத்தோடு திரும்பும்போதுதான் சார் விழுந்தார். ஊர் வந்து சேர்ந்திருந்தால், என்னிடம் மறுபடியும் கேட்டிருப்பார். அப்போதாவது நான் போயிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

அடக்கத்தன்று யாரோ சொன்னார்களாம், அந்தப் பிள்ளைக்காக அலைந்துதான் சார் செத்தார் என்று. அது அவள் காதில் விழுந்துவிட்டது. எலியா அண்ணன் நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “டீச்சரே, பிள்ள பச்சத்தண்ணி குடிக்கல்ல. சார் செத்தது என்னாலயாக்கும், நான் பரீட்ச எழுதமாட்டேன்னு அழுது கரையுது” என்றார். தேர்வுக்கு இன்னும் பத்தே நாள். திருத்தம் கொடுக்கக் கடைசி நாள் நாளை, திங்கள், மாலை நான்கு மணி. அதன் பிறகு யார் போனாலும் ஒன்றும் நடக்காது.

சாரின் பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் சொன்னீர்கள். எப்படித் தொடர்வது? என்னால் கணக்கு சொல்லித்தர முடியாது. ஆனால் பஸ் ஏற முடியும், மாடி ஏற முடியும், தலைகுனிந்து நிற்க முடியும். புதுக் கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தவறு சுகுமாரியுடையது என்றுதான் இதில் இருக்கிறது. மெமோ வரட்டும்! இதோ, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்பு போடுகிறேன். இனி தலைமை ஆசிரியரின் ஒப்பும் சீலும் வேண்டும். மாணவியின் ஒப்பும் வேண்டும். அது இல்லாமல் இது வெறும் காகிதம். நாளை காலை முதல் பஸ்ஸில் நான் போகிறேன். அங்கே ஏற்பார்களா என்று தெரியாது. ஏற்கும் வரை அந்த மாடியிலிருந்து இறங்கமாட்டேன்.

ரெபேக்கா! கடைசிப் பெஞ்சில் அப்பாவின் பின்னால் ஒளிந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார். சார் செத்தது ஒன்னாலயில்ல மக்கா. நான் போகாததாலயாக்கும். நீ என்னை மன்னிக்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். வந்து இதில் ஒரு ஒப்பு மட்டும் போடு.

எலியா அண்ணே, கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவளாக வரட்டும். மௌன அஞ்சலி கொஞ்சம் பொறுக்கட்டும், பெரியோர்களே. ஞானபாய் அக்கா, நீங்களும் ஒரு வார்த்தை... வேண்டாம். பிள்ளை எழும்பிவிட்டாள்.

யோவான் சார், சீல் எடுத்துவரச் சொல்லுங்கள். பிள்ளைகளே, கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள்.